நடப்பவரின் நொடிக்கணக்கு



ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். இந்த மேடையின் விளிம்பிலிருந்து கடைசி வரிசை நாற்காலி வரை ஏறத்தாழ 13 மீட்டர் இருக்கும். அந்தக் கடைசி வரிசைக்கு முன்னால் ஒரு குழந்தை திடீரென்று ஓடிவந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து ஒரு கார் அதை நோக்கிப் போகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். ஓட்டுபவர் குழந்தையைப் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில் கார் எட்டு மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் ஐந்து மீட்டர். குழந்தையின் சட்டையைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடும். இப்போது அதே கார், அதே ஓட்டுநர், அதே கவனம். வேகம் மட்டும் 50. அந்த ஒரு நொடியிலேயே கார் 14 மீட்டர் போய்விடுகிறது. பிரேக்கில் கால் படுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். இது காய்ந்த தார்ச்சாலைக்கும் நல்ல டயருக்கும் போட்ட கணக்கு. மழைநாளில் இன்னும் மோசம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஒருவர் சாலையில் அடிபட்டால் பேச்சு முழுக்கக் கவனத்தைப் பற்றித்தான் இருக்கும். "பார்த்துப் போகக் கூடாதா?" "போன் பேசிக்கிட்டே போயிருப்பான்." "தண்ணி போட்டிருந்தானோ என்னவோ." துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூடத் திண்ணையில் உட்கார்ந்து இந்த விசாரணையை நடத்துவார்கள். போன் பேசியபடி நடப்பவர்கள் இருக்கிறார்கள், குடித்துவிட்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் மனுஷனுக்குக் கவனம் பிசகத்தான் செய்யும். வருகிற வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கும் திறமை ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னும் வந்திருக்காது. எழுபது வயதுப் பாட்டிக்கு அது போயிருக்கும். அந்தப் பிசகுக்கு விலை ஒரு திட்டா, ஒரு சிராய்ப்பா, உயிரா என்பதை வண்டியின் வேகமும் சாலையின் அமைப்பும்தான் முடிவு செய்கின்றன. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றி.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையிலிருந்து சில எண்கள். நாடு முழுக்கச் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்துபோனவர்கள், அதாவது ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், எல்லா மாநிலங்களையும்விட அதிகம். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். டில்லி ஐஐடியில் இதை ஆயுள் முழுக்க ஆராய்ந்து 2021இல் மறைந்த தினேஷ் மோகனும், அவரோடு பணியாற்றிய கீதம் திவாரியும், நடப்பவர்களின் உண்மையான பங்கு அரசின் கணக்கு காட்டுவதைவிட அதிகம் என்று சொல்லிவந்தார்கள். காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கைகளைப் படித்துப் பார்த்துச் சொன்னது அது.

அமைச்சகத்தின் அந்த அறிக்கையில் இன்னொரு தகவல் இருக்கிறது. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் இரண்டு சதவீதம் சொச்சம்தான். சாவுகளில் 36 சதவீதம் அங்கேதான். நேரத்தைப் பார்த்தால், மாலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள்தான் விபத்து அதிகம். வேலை விட்டுத் திரும்புகிற, டியூஷன் முடிகிற, மாவு பாக்கெட்டுக்கும் பாலுக்கும் கடைக்குப் போகிற நேரம் அது. வெளிச்சம் போய், தெருவிளக்கு சரியாக எரியத் தொடங்காத நேரமும் அதுதான்.

எல்லா ஊர்ச் சாலையையும் பற்றிப் பேசினால் எதைப் பற்றியும் பேசாமல் போய்விடுவோம். அதனால் ஒரே ஒரு சாலையை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் கிளம்பி தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று போகிற சாலை. எண்ணை எப்போதோ மாற்றிவிட்டார்கள். லாரிக்காரர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் அது இன்னும் என்.எச். 45தான். கிராமம், புறநகர், நகரம் மூன்றும் இந்த ஒரே சாலையின் ஓரத்தில் இருக்கின்றன. கிராமத்திலிருந்து உள்ளே வருவோம்.

நான்கு வழிச்சாலை ஆவதற்கு முன்னால் இது இருவழிச் சாலை. இரண்டு பக்கமும் புளியமரம். தார் அகலம் ஏழு மீட்டர். சாதாரணமாக நடக்கிற ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று பொறியியல் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் கடக்க ஆறு நொடி. லாரியும் அறுபதைத் தாண்டிப் பெரும்பாலும் வராது. சாலை அகலமானபோது ஊர் இடம் பெயரவில்லை. வீடு ஒரு பக்கம். வயல், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுடுகாடு மறுபக்கம் என்று இருந்தது அப்படியேதான் இருக்கிறது. இப்போது ஒரு பக்கத்துச் சாலை மட்டும் ஓரத் தாரையும் சேர்த்து ஒன்பது மீட்டர். நடுவில் தடுப்பு, அப்புறம் இன்னொரு ஒன்பது மீட்டர். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு வயதான அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பார். ஒரு பக்கத்தைக் கடக்கவே பதினோரு நொடி. நூறில் வருகிற கார் அந்தப் பதினோரு நொடியில் 300 மீட்டர் வந்துவிடும். ஆக, 300 மீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிகிற ஒன்றைப் பார்த்து, அது லாரியா காரா, எழுபதில் வருகிறதா நூறில் வருகிறதா என்று அந்த அம்மா கணிக்க வேண்டும். அதுவும் தலையில் சுமையோடு, கழுத்தைத் திருப்ப முடியாமல். அப்புறம் நடுத்தடுப்பில் ஏறி நின்று மறுபக்கத்துக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். தினமும் இரண்டு முறை.

இதைச் சாலை போடும்போதே கண்டுபிடித்திருக்க முடியாதா என்றால், முடியும். ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் எந்த இடத்தில் கடக்கிறோம் என்று கையைக் காட்டியிருப்பார்கள். அங்கே சுரங்கப்பாதை கேட்டு மனு கொடுத்த ஊர்கள் உண்டு. மனுவுக்கு அசையாதது மறியலுக்கு அசைந்த ஊர்களும் உண்டு. ஒரு சாவு விழும், உடலை நடுரோட்டில் வைத்து உட்காருவார்கள், கோட்டாட்சியர் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார், அதற்குப் பிறகு அளக்க ஆள் வரும். சுரங்கப்பாதை கிடைத்த ஊர்களிலும் கதை முடிவதில்லை. தண்ணீர் வடிய வழியில்லாமல் கட்டினால் ஐப்பசி மழையில் அது குளம். மின்விளக்கு இல்லாவிட்டால் ஆறு மணிக்கு மேல் பொம்பளைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். மறுபடியும் மேலே ஏறித்தான் கடப்பார்கள். அப்போது, "கட்டிக் கொடுத்தும் பயன்படுத்த மாட்டேங்கிறாங்க" என்று ஒரு குறிப்பு கோப்பில் ஏறிவிடும்.

பேருந்து விஷயம் ஒன்றும் இருக்கிறது. வெளியூர் வண்டிகள் ஊருக்குள் போனால் பத்து நிமிடம் வீண் என்று பைபாஸிலேயே இறக்கிவிடுகின்றன. விடிகாலை மூன்று மணிக்கு, கையில் பையும் தோளில் குழந்தையுமாக ஒரு குடும்பம் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்குகிறது. சர்வீஸ் ரோடு எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியாது. ஊர் மறுபக்கம் இருக்கிறது. இந்த வழக்கத்தை நிறுத்தக் கான்கிரீட்டோ டெண்டரோ வேண்டியதில்லை. சர்வீஸ் ரோட்டுக்குள் வந்து நிழற்குடையருகே நின்று ஆளை இறக்கு என்று ஒரு உத்தரவும், அதைக் கண்காணிக்க ஆளும் இருந்தால் போதும்.

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒன்றியச் சாலைகள். அங்கே வேகம் குறைவு, ஆனால் நடக்க ஓரமே இருக்காது. சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் தார் விளிம்புவரை வளைந்து வந்திருக்கும். மண் ஓரத்தில் நடந்தால் முள் கிழிக்கும் என்பதால் தாருக்கு மேலேதான் நடக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் கேழ்வரகும் உளுந்தும் காயும். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, களம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவார்? கருவேலத்தை வெட்டுவது மட்டும் வருடா வருடம் செய்யக்கூடிய வேலை. நூறு நாள் வேலையில் இருக்கிற பெண்களைக் கேட்டால் எந்த வளைவில் வெட்ட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அந்த வளைவில் அவர்கள் தினமும் நடக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கவைத்தது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம். நடக்கிற உடம்பை அளந்து செய்த வேலை அது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட மங்கம்மாளின் பெயரைச் சொல்லும் சாலைகள் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. அந்தச் சாலைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிழல் மரம், சத்திரம், தண்ணீர்ப்பந்தல் என்றுதான் சொல்வார்கள். பழங்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, அந்தச் சத்திரங்களில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் சாலை என்றால் நடப்பவனுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அன்று இருந்தது.

அந்தக் கேள்வி இன்று நம் அரசாங்கத்துக்கு வருடத்தில் சில நாள் மட்டும் வருகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களைச் சொல்கிறேன். குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு நகரத்தார் சிங்கம்புணரி, நத்தம் வழியாக நடக்கும் பயணம் பல தலைமுறை கண்டது. இன்று எல்லாத் திசையிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன்னாலும் இருட்டிய பிறகும் நடப்பதால் ஆபத்தும் அதே நேரத்தில்தான். திண்டுக்கல் - பழனி சாலையில் அவர்களுக்கென்று ஓரத்தில் தனி நடைபாதையே போட்டிருக்கிறார்கள். காவல்துறை ஒளிரும் பட்டையும் குச்சியும் கொடுக்கிறது. ஆக, கிராமப்புற நெடுஞ்சாலை ஓரத்தில் நடைபாதை போட முடியாது, இடமில்லை, வழக்கமில்லை என்கிற பதில் செல்லாது. முருகனுக்காகப் போட முடிந்ததை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்காகவும் போடலாம். ஒரு சின்ன வேண்டுகோள், பாதயாத்திரை போகிறவர்களுக்கும் நடைபாதை இல்லாத சாலையில் நடக்கிற எல்லோருக்கும்: வலப்பக்கமாக நடங்கள். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போவதால், வலப்பக்கம் நடந்தால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

இனி புறநகர். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். கிராமத்தில் ஊர் என்ற ஒன்று இருக்கிறது, கோபம் வந்தால் மறியலுக்கு உட்காரும். நகரத்தில் பத்திரிகை இருக்கிறது, நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது. புறநகரில் இருப்பவர்கள் காலையில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர்கள்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை, ஜி.எஸ்.டி. ரோடு என்று இங்கே சொல்லப்படும் அதே என்.எச். 45ம் ரயில் பாதையும் ஒட்டி ஒட்டியே போகின்றன. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். சாலையைப் பல இடங்களில் எட்டு வழியாக அகலப்படுத்திவிட்டார்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர் வீட்டுக்குப் போக இந்த எட்டு வழியைத் தாண்ட வேண்டும், அல்லது தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும், சில பேர் இரண்டையும். சிக்னலோ பாலமோ இருக்கும் இடம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வர ஒரு கிலோமீட்டர். கால் மணி நேரம். எதிரே தெரிகிற டீக்கடைக்குப் போக யாரும் கால் மணி நேரம் நடக்க மாட்டார்கள். நீங்களும் மாட்டீர்கள், நானும் மாட்டேன். நடுத்தடுப்பில் இரும்பு வேலி போட்டால், ஒரு வாரத்தில் ஒரு கம்பி வளைந்திருக்கும். அந்த வளைந்த கம்பியை நான் ஒழுங்கீனமாகப் பார்ப்பதில்லை. எங்கே கடக்கும் வசதி வேண்டும் என்று மக்கள் செலவில்லாமல் எடுத்துக்கொடுத்த சர்வே அது.

கிளாம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் பிரம்மாண்டமான பேருந்து நிலையம் திறந்தார்கள். தெற்கே போகிற பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போயின. பேருந்து நிலையம் ஒரு பக்கம், மின்சார ரயில் பாதை மறுபக்கம், நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு. ஆனால் பேருந்து நிலையம்தான் முதலில் வந்தது. ரயில் நிலையத்தையும் சாலைக்கு மேலான நடைமேம்பாலத்தையும் பிறகுதான் கட்டத் தொடங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, இணைப்புப் பேருந்துக்குக் காத்திருந்து, இல்லாவிட்டால் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போனார்கள். பேருந்து நிறுத்த எத்தனை மேடை வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், பேருந்துக்குள் ஏறப்போகிறவர் எப்படி வந்து சேர்வார் என்ற கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

இது யாரோ ஒருவரின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. சாலை ஒரு துறை, ரயில் பாதை ரயில்வே, பேருந்து நிலையம் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., விளக்கு மின்வாரியத்தையும் உள்ளாட்சியையும் சேர்ந்தது, வடிகால் வேறு. உள்ளாட்சி என்றாலும் இங்கே மாநகராட்சி, அடுத்து ஊராட்சி, அதற்கடுத்து நகராட்சி. நடப்பவர் இருநூறு மீட்டருக்குள் நான்கு பேருடைய எல்லையைத் தாண்டுகிறார். நான்கு பேரும் தங்கள் எல்லைக்குள் ஓரளவு ஒழுங்காகத்தான் வேலை செய்திருப்பார்கள். எல்லையும் எல்லையும் சேருகிற இடத்தில்தான் பள்ளம் இருக்கும்.

நெடுஞ்சாலையை விட்டு மனைப்பிரிவுகளுக்குள் போனால் வேறு தொல்லை. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியாக அங்கீகாரம் வாங்கியது. பக்கத்து நகருக்குள் தெரு தொடராது, சுற்றுச்சுவரில் முட்டி நிற்கும். பறவைக்கு எழுநூறு மீட்டரில் இருக்கிற ஸ்டேஷன் மனுஷனுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அதனால்தான் ஸ்டேஷன் வாசலில் அத்தனை டூவீலர் நிற்கிறது. நடைபாதை என்ற பேச்சே இல்லாத தெருக்களில் தண்ணீர் லாரி, பள்ளி வேன், டெலிவரிப் பையன்கள். இருட்டினால் நாய்கள். நாய் பயத்தால் நடையை விட்டவர்கள் எத்தனை பேர் என்று இந்த மண்டபத்திலேயே கை தூக்கச் சொன்னால் தெரியும். வேகத்தைக் குறைக்க வழி தெரியாத குடியிருப்போர் தாங்களே சிமெண்டைக் கொட்டி வேகத்தடை போட்டுக்கொள்கிறார்கள். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது, இரவில் பைக்கில் வருகிறவர் தூக்கி எறியப்படுகிறார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்து மருந்தைத் தப்பாகக் கொடுத்த கதை. சரியான மருந்து இருக்கிறது: ஜீப்ரா கோட்டையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கி, இரண்டு பக்கமும் நீளமான சரிவு கொடுப்பது. வண்டி குலுங்காது, ஆனால் முப்பதுக்கு மேல் போக முடியாது. நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதும் இல்லை.

இந்த இடத்தில் நடைமேம்பாலங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விழா எடுக்கலாம், பெயர் போடலாம், விளம்பரப் பலகை மாட்டிக் காசு பார்க்கலாம் என்பதால் எல்லோருக்கும் அது பிடிக்கும். கீழே லாரி போக வேண்டுமென்றால் பாலத்தின் தளம் சுமார் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கும், கர்ப்பிணிக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அது பாலமே இல்லை. லிஃப்ட் வைத்தார்கள் என்றால், அது ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள். அடிப்படையில், காரில் உட்கார்ந்திருப்பவர் காலை அசைக்காமல் நேராகப் போக வேண்டும் என்பதற்காக நடப்பவரை இரண்டு மாடி ஏறச் சொல்கிற ஏற்பாடு இது. விதிவிலக்கு உண்டு. 2023இல் திறந்த மாம்பலம் ஸ்டேஷன் - தியாகராய நகர் பேருந்து நிலைய ஆகாய நடைபாதை, 570 மீட்டர் நீளம். அதில் கூட்டம் போகிறது. ஏனென்றால் ரயில் நிலையத்தின் நடைபாலத்தில் ஏற்கெனவே மேலே ஏறியவர் அதே உயரத்தில் நடந்து போய்விடுகிறார், ரங்கநாதன் தெரு நெரிசலிலிருந்தும் தப்பிக்கிறார். சாலையைக் கடப்பதற்கு மட்டும் என்று கட்டுகிற பாலத்துக்கு அந்த வசதி கிடையாது. தரையிலேயே சிக்னல் போட்டு வண்டியை முப்பது நொடி நிறுத்துவது பாலத்தைவிட மலிவு. முப்பது நொடியை விட்டுக்கொடுக்க மனம் வராததுதான் சிக்கல்.

நகரத்துக்கு வந்துவிட்டோம். இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் தினமும் அனுபவிப்பது. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. நம் தெருக்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் எவ்வளவு உயரமோ நடைபாதையும் அவ்வளவு உயரம். ஒரு முழ உயரம் ஏறி, அடுத்த வீட்டுக் கார் சரிவில் வழுக்கி இறங்கி, டிரான்ஸ்பார்மரைச் சுற்றிச் சாலைக்கு வந்து, மறுபடி ஏறி. நான்காவது தடவை ஏற மாட்டார்கள், ரோட்டிலேயே நடந்துவிடுவார்கள். அதற்குள் அந்த நடைபாதையில் டூவீலர் நின்றிருக்கும்.

சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் முதலில் செய்த நகரங்களில் ஒன்று, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2019இல் தியாகராய நகரின் பாண்டி பஜார் அகல நடைபாதையோடு திறக்கப்பட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் தாத்தா பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவே பெரிய விஷயம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது, வியாபாரம் படுத்துவிடவும் இல்லை. ஆனால் ஒரு பாண்டி பஜாரை வைத்துக்கொண்டு வியாசர்பாடிக்காரர் என்ன செய்வார்? 2008 வாக்கில் சென்னையில் எடுத்த போக்குவரத்து ஆய்வில் நூற்றுக்கு 28 பயணம் முழுக்க நடையாகவே இருந்தது. அதுபோக, பேருந்துக்கும் ரயிலுக்கும் போகிற ஒவ்வொருவரும் முதலில் நடப்பவர்தான். பெண்களுக்கு 2021இல் கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு நிறுத்தம் வரை நடக்கிற பெண்கள் அதிகமாகியிருப்பார்கள் என்பதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. டிக்கெட் காசை மிச்சப்படுத்திக் கொடுத்த அரசு, வீட்டிலிருந்து நிறுத்தம் வரையிலான அந்த நானூறு மீட்டரையும் பார்க்க வேண்டும்.

நடைபாதை என்றதும் கடைக்காரர்களைக் காலி பண்ணு என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தைரியமாக நடப்பது பூக்கார அம்மாவும் இட்லிக் கடையும் இருக்கிற தெருவில்தான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்கச் சொல்கிறது. நடைபாதையை உண்மையில் தின்பது நிறுத்திவைத்த வண்டிகள். அவற்றைப் பற்றிப் பேசினால் ஓட்டுப் போகும் என்று பயப்படுகிறார்கள், தள்ளுவண்டியைத் தூக்குவது சுலபமாக இருக்கிறது.

"ஐரோப்பாவில் ஒழுங்கு இருக்கிறது, நம் ஆட்கள் திருந்த மாட்டார்கள்" என்று கேள்வி நேரத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். முன்னாடியே பதில் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 1971இல் மட்டும் சுமார் 3,300 பேர் சாலையில் செத்தார்கள். அதில் 400க்கு மேல் குழந்தைகள். அந்தக் குட்டி நாட்டுக்கு அது பயங்கரமான எண்ணிக்கை. குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து என்று பெற்றோர் தெருவில் உட்கார்ந்தார்கள். நம் மறியலைப் போலத்தான். அதற்குப் பிறகு குடியிருப்புத் தெருக்களின் அமைப்பை மாற்றினார்கள், வேகத்தைக் குறைத்தார்கள். டச்சுக்காரர்கள் பிறவியிலேயே ஒழுக்கமானவர்கள் என்பதெல்லாம் பிற்பாடு வந்த கதை.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர் ராஜசேகரன் 2012இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். உடைந்த எலும்புகளோடு வருகிறவர்களைத் தினமும் பார்த்தவர். அந்த வழக்கிலிருந்துதான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையைத் தரப்படி வடிவமைக்காத, பராமரிக்காதவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் போடலாம் என்கிறது. ஒரு லட்சம் என்பது சாலை ஒப்பந்தத்தில் டீச் செலவு. இருந்தாலும், ஓட்டியவரையும் நடந்தவரையும் தவிர மூன்றாவது ஒருவரும் பொறுப்பு என்று சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. வழக்கறிஞர்கள் இங்கே இருந்தால் அந்தப் பிரிவை எடுத்துப் பாருங்கள். சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர்தான் வேக வரம்பு என்று போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்தது. முதலில் சொன்ன 13 மீட்டர் கணக்கில் குழந்தை பிழைக்கிற வேகம் அது. உங்கள் தெருவில் அந்தப் பலகையை யாராவது பார்த்தீர்களா?

கடைசியாக, செய்யக்கூடியது ஒன்று. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. அங்கே கொடுக்கிற மனுவில் "பாதுகாப்பு வேண்டும்" என்று எழுதினால், "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். அப்படி எழுதாதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை அளவு நாடாவோடும் கைக்கடிகாரத்தோடும் அனுப்புங்கள். சாலையோரம் பத்திரமாக, ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு. எந்த இடத்தில் கடக்கிறார்கள், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எத்தனை பேர், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை, விளிம்பிலிருந்து விளிம்பு எத்தனை மீட்டர், கடக்க எத்தனை நொடி, பக்கத்துச் சிக்னல் எவ்வளவு தூரம். இதை ஒரு தாளில் எழுதி, சாலை யாருடையது என்று விசாரித்து, தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலையா, ஊராட்சி ஒன்றியமா என்று பார்த்து, உரிய அதிகாரியின் பெயருக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று. கேட்பது மூன்றே மூன்றாக இருக்கட்டும்: அந்த இடத்தில் மேடான ஜீப்ரா கிராசிங், முன்னும் பின்னும் வேகக் குறைப்பு, ஒரு விளக்கு. பொறியாளர்களில் நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேலிடத்துக்கு எடுத்துப்போக அவர்களுக்கு ஒரு எண் வேண்டும், அதை யாரும் கொடுப்பதில்லை.

இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார். அவரவர் ஊரில் எந்த இடம் என்று பெயரோடு சொல்லிக் கேட்டால் பேச வசதியாக இருக்கும். பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.